சொன்னபடி திரும்பும் சக்கரம்

தேர் ஓடுவது பெரிதன்று, திரும்புவதே பெரிது. காஞ்சி வரதர் கோயிலின் வைகாசித் தேரைக் கண்டவர்கள் இதனை நன்கறிவர். வடம் பிடிப்போர் பலர். ஆனால் தேர் எப்பக்கம் போகவேண்டும் என்பது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலர் கையில் உள்ளது. கட்டை இடுவர், தேர் எவ்வளவு திரும்பிற்று என்று பார்ப்பர், மீண்டும் இடுவர்.

வானொலி அலையால் ஓட்டும் சிறு காரில் இவ்வேலையைச் செய்வது ‘சர்வோ’ என்னும் சிறு பெட்டி. இப்பெயர் பிறந்ததும் திருப்பும் தொழிலில்தான். பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ, நீராவியால் கப்பலின் சுக்கானைத் திருப்பும் தம் கருவிக்கு, ‘ஏவலுக்கு அடங்கிய எந்திரம்’ என்ற பொருளில் இப்பெயரை இட்டு, 1873-இல் நூலும் எழுதினார். 1898-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலையால் திருப்பிக் காட்டினார்.

“கலைக் கல்லூரியில் இயற்பியல் படித்து ஒரு பொம்மைக் காரையாவது ஓட்ட முடியுமா?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். நானும் தம்பியும் ஐயங்கார்குளத்து ஏரிக்கரையில் ஓட்டுவதற்காக ஒன்றரைக் கிலோ எடையில் ஒரு காரைச் செய்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் சரிவு. திருப்பம் தவறினால் பல மாதச் சேமிப்பு ஏரிக்குள் போய்விடும்.

சர்வோவுக்கு விநாடிக்கு 50 மின்துடிப்புகள் வருகின்றன. துடிப்பு 1.5 மில்லி விநாடி நீடித்தால் நடுநிலை; 1 ஆனால் ஒரு கோடி; 2 ஆனால் மறு கோடி. அச்சுடன் சுழலும் மாறுமின்தடை, அச்சு இப்போது நிற்கும் இடத்தைச் சொல்கிறது. கட்டளைக்கும் நிலைக்கும் வேறுபாடு உள்ளவரை மோட்டார் சுழலும். அது தீர்ந்ததும் நிற்கும். முட்டுக்கட்டைக்காரர் கண்ணால் செய்வதை இது மின்தடையால் செய்கிறது.

கடையில் மலிவாகக் கிடைப்பது எஸ்.ஜி. 90. எடை 9 கிராம், பற்சக்கரங்கள் பிளாஸ்டிக், திருப்பு விசை சுமார் 1.8 கிலோ-செ.மீ. அதாவது, அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 1.8 கிலோவை இழுக்கும்; 2 செ.மீ. தூரத்தில் அதில் பாதிதான். ஒன்றரைக் கிலோ வண்டிக்கு இது போதாது. எம்.ஜி. 996 ஆர் 55 கிராம், உலோகப் பற்சக்கரம், 4.8 வோல்ட்டில் சுமார் 9.4 கிலோ-செ.மீ. இதையே தேர்ந்தோம். ஆனால் இது 60 பாகை திரும்ப 0.17 விநாடி ஆகும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் 85 செ.மீ. ஓடிவிடும்! ஆகவே கரையில் மெதுவாகவே ஓட்டுகிறோம்.

வாங்குவதைவிடப் பொருத்துவதில்தான் நுட்பம் அதிகம். முதலில் மின்சாரம் கொடுத்துச் சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவரவேண்டும். பிறகே அதன் கையை, இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக மாட்டவேண்டும். அச்சில் 25 பற்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 பாகை மாறும். எஞ்சும் சிறு கோணலையே கையிலுள்ள கருவியின் ‘ட்ரிம்’ குமிழால் சரிசெய்யவேண்டும்.

அடுத்தது எல்லை. சக்கரம் முட்டி நின்ற பின்னும் “இன்னும் திரும்பு” என்று கட்டளை வந்தால், சர்வோ உறுமிக்கொண்டே முயலும்; 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; சூடேறிக் கருகும். மின்னழுத்தம் தாழ்ந்தால் அலைவாங்கியும் செயலிழக்கும். பிறகு காருக்குக் கட்டளையே இல்லை. எனவே சக்கரம் முட்டுவதற்குச் சற்று முன்பே கட்டளையின் எல்லையைக் குறுக்கிவிடவேண்டும்.

நெம்புகோல், மின்தடை, விசை, வேகம் ஆகியவை நம் வகுப்பறைப் பாடங்களே. வேறு வித்தை ஏதும் தேவைப்படவில்லை.

மாணவ நண்பர்களே! ஏவலுக்கு அடங்கிய எந்திரத்திற்கும் ஓர் எல்லை உண்டு. அதனை அறிந்து ஏவுகிறவனே நல்ல சாரதி.