பெட்டியைத் தொடும் உரிமை

என் தங்கை மகன் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன். நானும் எழுதுகிறவன்தான். ஆனால் என் எழுத்தில் பிசகு வந்தால் யாருடைய பணமும் குறையாது, அவனுடையதில் குறையும். ஆகவே அவன் பேச்சை மரியாதையுடனேயே கேட்பது வழக்கம்.

உத்தியோகத்தில் சேர்ந்து ஆறு மாதந்தான். அதற்குள் மேலதிகாரியோடு தகராறு. சேமிப்புக் கணக்குக்கு ஒரு 'கிளாஸ்' எழுதியிருந்தான். கிளாஸ் என்பதை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பெட்டி. பெட்டியில் இருப்புத் தொகை. பணம் போடுவது, எடுப்பது, இருப்பைச் சொல்வது ஆகிய மூன்றும் வீட்டு மனிதர்கள். மெதட் என்பார்கள். மாதாந்தர அறிக்கை எழுதுவதை மட்டும் வெளியே தனி பங்ஷனாக நிறுத்திவிட்டான்.

"கணக்கைப் பற்றிய வேலை கணக்குக்குள்ளேதானே இருக்க வேண்டும்?" என்றாராம் அதிகாரி.

நியாயமாகத்தான் படுகிறது. 1995-ல் வந்த ஜாவா மொழி அப்படித்தான் விதித்தது. வர்க்கமூலம் காண்பதற்குக்கூட 'மாத்' என்று ஒரு கிளாஸ். அந்த வீட்டில் பெட்டியே கிடையாது. சட்டத்துக்காகப் போட்ட கூரை! பைத்தானில் இந்தக் கட்டாயம் இல்லை.

"மாமா, அறிக்கைக்கு இருப்பு எவ்வளவு என்று தெரிந்தால் போதும். பெட்டிச் சாவி எதற்கு?" என்றான் பையன். சி பிளஸ் பிளஸ் நிபுணர் ஸ்காட் மேயர்ஸ் 2000-லேயே இதை வாதித்திருக்கிறார்: உள்ளே தொடக்கூடியவர்கள் குறையக் குறையப் பத்திரம்.

பலன் சீக்கிரமே தெரிந்தது. இருப்பைத் தசம பின்னமாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் எண்ணுவது இரண்டின் அடிமானத்தில்; 0.1-ம் 0.2-ம் கூட்டினால் அதற்குச் சரியாக 0.3 வராது. எனவே எல்லாவற்றையும் முழுப் பைசாவாக மாற்ற வேண்டியதாயிற்று. திருத்தியது அந்த மூவரை மட்டுமே. அறிக்கைக்குச் சங்கதியே தெரியாது.

நாவலிலும் கதாநாயகியின் மனசுக்குள் தபால்காரர் வரை எல்லாரையும் நுழையவிடுகிறவர்கள் உண்டு. பிறகு அவள் மனம் மாறினால் தபால்காரரையும் திருத்தி எழுத வேண்டும்.

ஆனால் பையன் பக்கமே முழு நியாயமும் இல்லை. வட்டி போடும் வேலையையும் அவன் வெளியே வைத்திருந்தான். வட்டி கணக்குக்குக் கணக்கு மாறும். சேமிப்புக்கு ஒரு விதம், வைப்புக்கு ஒரு விதம். அதை அந்தந்த வீட்டுக்காரரிடம் விடுவதே சரி. வெளியே நிற்கிறவன் ஒவ்வொரு வாசலிலும் "நீ எந்த வகை?" என்று கேட்டுக்கொண்டிருப்பானேன்?

அறிக்கை இன்னும் வெளியேதான் நிற்கிறது. வட்டியை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறான். அதிகாரி இதுவரை வாய் திறக்கவில்லையாம்.