மாக்பெத்தும் என் அருஞ்சொற் குறிப்பேடும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கும் ஆங்கிலப் பாடம் உண்டென்பது இக்கலாசாலையார் அறிந்ததே. எங்களுக்கு வாய்த்தது, ஷேக்ஸ்பியர் மகாகவி 1606 ஆம் ஆண்டையொட்டி இயற்றிய ‘மாக்பெத்’ என்னும் துன்பியல் நாடகம். நிகண்டை நெட்டுருச் செய்து தமிழ் கற்ற முன்னோர் வழியே தக்கதெனக் கருதி, நூலிலுள்ள கடுஞ்சொற்களையெல்லாம் பொறுக்கி, இடப்பக்கம் சொல்லும் வலப்பக்கம் பொருளுமாக ஒரு குறிப்பேட்டில் எழுதலானேன். விடுதி நண்பர்கள் ‘நடமாடும் நிகண்டு’ என்று எனக்குப் பட்டஞ் சூட்டினர். அப்பட்டம் எனக்கு உவப்பாயிருந்ததை மறைப்பானேன்?

சில சொற்கள் எளிதில் வசமாயின. ‘தேன்’ என்பது நாவில் இனிக்கும் தேனன்று. ஸ்காத்லாந்து அரசனிடம் நிலம் பெற்ற பிரபுவின் பட்டம். ‘வியர்ட்’ என்பது இக்காலத்தில் விசித்திரத்தைக் குறிப்பினும், சூனியக்காரியர் மூவர்க்கும் அடையாய் வருமிடத்து ‘ஊழ்’ என்னும் பழம்பொருளை உடையது. ஊழ் என்றவுடன் சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தாற் போலிருந்தது.

‘இன்கார்னடைன்’ என்ற சொல்லோ என்னை நெடுநேரம் நிறுத்திற்று. கொலை செய்த கையைக் கடலிற் கழுவினால் கடலே சிவந்துவிடுமென்று மாக்பெத் நடுங்கும் இடத்தில் அது வருகின்றது. தசை என்று பொருள்படும் லத்தீன் அடியிற் பிறந்தது. ஆண்டவர் மாம்சமானதைக் குறிக்கும் ‘இன்கார்னேஷன்’ என்ற சொல்லுக்கும் அடி அதுவே. ஆலயத்திற் கேட்ட சொல்லின் உடன்பிறப்பைக் கொலைஞன் வாயிற் கண்டு திகைத்தேன். அத்தகைய கடுஞ்சொல்லை ஆண்ட கவிஞர், அடுத்த அடியிலேயே பச்சை, சிவப்பு என்னும் எளிய சொற்களால் தாமே உரை கூறிவிடுகின்றார். நச்சினார்க்கினியரும் அத்துணை விரைந்து உதவுவதில்லை!

நிற்க. மூன்றாம் அங்கத்தில், நண்பன் பாங்க்கோவைக் கொல்ல ஆள் ஏவிய மாக்பெத், அதனை மனைவிக்கும் ஒளித்து, இரவை நோக்கி விளிக்கின்றான். அவ்விரவுக்கு ‘ஸீலிங்’ என்றோர் அடைமொழி. யான் ஒலியை நம்பி ‘முத்திரையிடுகின்ற’ என்றெழுதினேன். தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு? பரீட்சைக்கு முந்திய வாரம் நண்பர் ஐவர் என் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டனர். வினாத்தாளில் அச்சொல்லே வந்தது.

விடைத்தாள்களைத் திருப்பித் தந்த அன்று பேராசிரியர் விளக்கினார். முத்திரையிடுதலைக் குறிக்கும் சொல் வேறு, இது வேறு, எழுத்தில் ஒன்றே வேற்றுமை. புதிதாய்ப் பிடித்த வேட்டை வல்லூறு மிரளாது பழகும்பொருட்டு, அதன் இமைகளை நூலால் தைத்து மூடுவர். அச்செயலுக்கே அப்பெயர். ஆகவே மாக்பெத் அழைப்பது கதவடைக்கும் இரவையன்று. ஊசியும் நூலும் ஏந்திப் பகலின் கண்ணைத் தைக்க வரும் இரவை. என் முத்திரையில் குருதி ஒரு துளியுமில்லை.

ஆறு விடைத்தாள்களிலும் பிழை ஒன்றாயிருக்கக் கண்ட அவர், “பரீட்சை மண்டபத்தில் ஒருவரையொருவர் பார்த்து எழுதினீர்களோ?” என்று வினவினார். வகுப்பு அடங்கிற்று. யான் எழுந்து, பிழை என்னுடையதென்றும், ஏனையோர் என் ஏட்டை நம்பினதே குற்றமென்றும் கூறினேன். நா வறண்டு சொல் தடுமாறிற்று. ஏட்டை வாங்கிப் புரட்டிய அவர், “சொற்கள் இருக்கின்றன; அவை நின்ற அடிகள் எங்கே, தம்பி?” என்று மாத்திரம் கேட்டுத் திருப்பித் தந்தார்.

ஐவருள் ஒருவன் இரண்டு மதிப்பெண் குறைந்து தவறினான். அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பொறுக்கக் கூடாததாயிருந்தது. அவன் மறுபரீட்சைக்காக இப்பொழுது மாலைதோறும் இருவரும் விடுதி மாடியில் அமர்ந்து நாடகத்தை முதலிலிருந்து வாய்விட்டு வாசிக்கின்றோம். ஏடு பெட்டியில் இருக்கின்றது. அகராதி எங்களிடையே திறந்திருக்கின்றது. நேற்று மாக்பெத்தைத் ‘தேன்’ என்றழைக்கும் இடத்தில் அவன் வாசிப்பை நிறுத்தி, “இத்தேனுக்கு ஈ மொய்க்குமா, அண்ணே?” என்று கேட்டு நகைத்தான். பரீட்சை முடிவு வந்தபின் அவன் நகைத்து யான் கேட்டது அன்றுதான்.