ஏறி வந்த கப்பல்

2019ஆம் ஆண்டு மே மாதத்தில், கனடா நாட்டில் வாழும் என் மகளைக் காண நான் புறப்பட்டபோது, என் தமக்கையார் தூத்துக்குடியிலிருந்து வந்து என் கையில் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். அதனுள் இருந்தவை மக்ரூன்கள். முந்திரிப் பருப்பும் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் அந்தத் தின்பண்டத்துக்குத் தூத்துக்குடி பெயர்பெற்றது என்பதை நீங்கள் அறிவீர்கள். வாயிலிட்டால் கரையும், சற்று அழுத்திப் பிடித்தால் கையிலேயே நொறுங்கும்.

“தம்பி, இதை அவன் கையில் சேர்த்துவிடு” என்றார்.

‘அவன்’ என்றது அவருடைய ஒரே மகனை. சரக்குக் கப்பல் ஒன்றில் மாலுமியாகச் சேர்ந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தது. அவனுடைய கப்பல் ஐரோப்பாவில் எஃகுச் சுருள்களை ஏற்றிக்கொண்டு வட அமெரிக்காவின் உள்நாட்டு ஏரிகளுக்குச் செல்லப்போகிறது என்று செய்தி வந்திருந்தது.

“அவனோடுதான் நாள்தோறும் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறாயே, அக்கா!” என்றேன்.

“திரையில் முகம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. மெலிந்திருக்கிறானா என்று கேட்டால் சிரிக்கிறான். நீ உன் கண்ணால் பார்த்துச் சொல்.”

இந்தப் பணியை ஏற்றுக்கொண்டுதான் நான் விமானம் ஏறினேன்.

கடலிலிருந்து நெடுந்தொலைவில், கண்டத்தின் நடுவே உள்ள ஊருக்குக் கடற்கப்பல் எவ்வாறு வரும் என்று நீங்கள் கேட்கலாம். கனடாவுக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் இடையே ஐம்பெரும் ஏரிகள் உள்ளன. கரை தெரியாத அளவுக்குப் பரந்த அவற்றை ஏரி என்று சொல்லவே நாக் கூசும். அவற்றின் நீரைச் செயின்ட் லாரன்சு ஆறு அட்லாண்டிக் கடலில் கொண்டு சேர்க்கிறது. ஆனால் இவ்வேரிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இல்லை. ஈரி ஏரி, தன்னை அடுத்த ஒண்டாரியோ ஏரியைவிட ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாயும் நயாகரா ஆறு, அந்த உயரத்தின் பாதியை ஒரே பாய்ச்சலில் குதித்துக் கடக்கிறது. அதுவே உலகம் போற்றும் நயாகரா அருவி. காண்பவர்க்கு அது அழகு. கப்பலோட்டிக்கோ அது ஒரு சுவர்.

அந்தச் சுவரைச் சுற்றிச் செல்ல வெட்டியதுதான் வெல்லண்ட் கால்வாய். மெரிட் என்னும் ஆலைக்காரர் ஒருவர், தம் ஆலைகளை ஓட்டப் போதிய நீர் இல்லாமல் அல்லற்பட்டு, கால்வாய் வெட்டும் முயற்சியில் இறங்கினார். 1829இல் மரத்தால் அமைந்த 40 நீர்ப்பூட்டுகளுடன் முதற் கால்வாய் திறக்கப்பெற்றது. பின்னர் இருமுறை அதைப் பெரிதாக்கினார்கள். இன்று உள்ள நான்காம் கால்வாய் 1932இல் திறக்கப்பெற்றது. அதன் நீளம் 43 கிலோமீட்டர், பூட்டுகள் எட்டு. 1959இல் செயின்ட் லாரன்சு ஆற்றிலும் பெரிய பூட்டுகள் அமைந்த பிறகு, கடற்கப்பல்கள் அட்லாண்டிக்கிலிருந்து சுப்பீரியர் ஏரிவரை செல்லத் தொடங்கின. அவ்வழியில் ஒரு கப்பல் 16 பூட்டுகளைக் கடந்து 183 மீட்டர் உயரம் ஏறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் போல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்த உயரத்தைச் சற்றே விஞ்சும்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை மருமகனிடமிருந்து செய்தி வந்தது. “நாளை நண்பகலில் மூன்றாம் பூட்டுக்கு வருவோம். அங்கே பார்வையாளர் மேடை இருக்கிறதாம். வாருங்கள், மாமா.”

மறுநாள் என் மகள் காரை ஓட்ட, டொரண்டோ நகரிலிருந்து ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு செயின்ட் காதரின்சு என்னும் ஊரை அடைந்தோம். மூன்றாம் பூட்டை ஒட்டியே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு பலகையில் அன்று வரும் கப்பல்களின் பெயரையும் நேரத்தையும் எழுதிவைக்கிறார்கள். எங்கள் கப்பலின் நேரத்தை அழித்து மாலை நான்கு என்று மாற்றியிருந்தார்கள். அதற்கு முன் செல்ல வேண்டிய கப்பல்கள் இருந்தனவாம். எனக்குக் கவலையாகிவிட்டது. நான்கு ஐந்தாகி, ஐந்து எட்டாகி, இருட்டிவிட்டால் அவன் மெலிந்திருக்கிறானா என்பதை எப்படிக் காண்பது? அந்நாட்டில் ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று மகள் சொன்ன பிறகே மனம் அமைதியடைந்தது.

காத்திருந்த நேரத்தில் இறங்கி நடந்தோம். அருகில் ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. நான்காம் கால்வாயைக் கட்டியபோது உயிர்துறந்த தொழிலாளர்களுக்காக 2017இல் எழுப்பியது. 130க்கும் மேற்பட்ட பெயர்கள். பாறை சரிந்தும், நீரில் மூழ்கியும், பொருத்திக்கொண்டிருந்த பெருங்கதவு சாய்ந்து விழுந்தும் இறந்தவர்கள். கால்வாய் திறந்த ஆண்டுக்கும் சின்னம் எழுந்த ஆண்டுக்கும் இடையே 85 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர்களுடைய அன்னையரும் மனைவியரும் அதுவரை காத்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது பூட்டின் கீழ்க்கதவுகள் திறந்திருந்தன. நான் மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். பூட்டு என்பது வேறொன்றுமில்லை. இரு முனையிலும் கதவுள்ள நீண்ட தொட்டி. நீளம் 260 மீட்டருக்கு மேல். அகலம் 24 மீட்டருக்குச் சற்று மிகுதி. என் காலடியில் சுவர் பாழுங்கிணறுபோல் இறங்கியது. அதன் ஈரமான பாசி மேலேவரை படிந்திருந்தது. நீர் எவ்வளவு உயரத்துக்கு வந்து போகிறது என்பதை அந்தப் பாசியே காட்டிற்று.

இத்தகைய பூட்டைச் சீனர்கள் 984ஆம் ஆண்டிலேயே தங்கள் பெருங்கால்வாயில் அமைத்துவிட்டார்கள். அதற்கு முன் படகுகளைச் சாய்தளத்தின் வழியே கயிறு கட்டி இழுத்தார்களாம். படகு உடையும், உடைந்த குழப்பத்தில் தானியம் களவு போகும். கள்வர்களுக்கு அஞ்சிப் பிறந்த கருவி உலகுக்கே உதவியிருப்பது வேடிக்கைதான்!

நான்கரை மணிக்குக் கப்பல் வந்தது. முதலில் தொலைவில் ஒரு கரிய புள்ளி. பிறகு மரங்களுக்கிடையே ஒரு வீடு நகர்ந்து வருவதுபோன்ற தோற்றம். கால்வாயின் நீர் கண்ணுக்குத் தெரியாததால், வயல்வெளியில் கப்பல் ஊர்ந்து வருவதாகவே தோன்றியது. அருகில் வர வர அதன் வேகம் குறைந்தது. இறுதியில் அது நகர்கிறதா, நிற்கிறதா என்று ஐயுறும் அளவுக்கு மெல்ல வந்து பூட்டுக்குள் நுழைந்தது. கப்பலின் நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். பக்கத்துக்கு ஓர் அடியே இடைவெளி. பல்லாயிரம் டன் எடையுள்ள ஒன்றை, ஊசியின் காதில் நூல் கோப்பதுபோல் செலுத்த வேண்டும். இந்நீர்வழியை நன்கறிந்த வழிகாட்டி ஒருவர் கப்பல் தலைவரின் அருகில் நின்று துணைசெய்கிறார்.

கை சற்றுப் பிசகினால் என்ன ஆகும்? 1912ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், பழைய மூன்றாம் கால்வாயில், பொறி பழுதுபட்ட கப்பல் ஒன்று நிற்காமல் சென்று பூட்டின் கதவில் மோதியது. பிளந்த கதவின் வழியே பாய்ந்த வெள்ளம், அடுத்த பூட்டருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த சிறுவர்களில் மூவரைக் கொண்டுபோயிற்று. இப்போது கதவுக்கு முன்னால் தடித்த கம்பிவடம் ஒன்றைக் குறுக்கே போட்டு, கப்பல் கதவை நெருங்காமல் காக்கிறார்கள்.

கப்பலின் மேல்தளம் எங்களுக்கு வெகு கீழே இருந்தது. ஆரஞ்சு நிற உடையும் தலைக்கவசமும் அணிந்த நான்கைந்து பேர் அங்கே நின்றார்கள். எல்லாரும் ஒன்றுபோலவே இருந்தார்கள். அவனைத் தூக்கி வளர்த்தவன் நான்; எனினும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்போது ஓர் உருவம் தலைக்கவசத்தைச் சற்று உயர்த்தி, “மாமா!” என்று கூவிற்று.

நான் திருப்பிக் கூவிய முதற்சொல், “சாப்பிட்டாயா?” என்பது. என் மகள் சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் என்னை அண்ணாந்து பார்த்தான்.

கீழ்க்கதவுகள் மூடிக்கொண்டன. அக்கதவுகளின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இரண்டும் நேர்கோடாகச் சேர்வதில்லை. நீர் உயர்ந்து நிற்கும் பக்கத்தை நோக்கிக் கூம்பாகச் சேர்கின்றன. ஆகவே, நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அவை பொருந்துகின்றன. பகைவனின் வலிமையைக் கொண்டே அவனைத் தடுக்கும் சூழ்ச்சி இது! லியனார்டோ டா வின்சி வரைந்துவைத்த படங்களிலும் இவ்வகைக் கதவைக் காணலாம்.

பிறகு மேற்புறத்து மதகுகள் திறந்தன. சுவரினுள்ளும் அடித்தளத்திலும் செல்லும் பெரிய குழாய்களின் வழியே நீர் புகுந்தது. இறைக்கும் பொறி ஒன்றுமில்லை. மேலே இருக்கும் நீர் கீழே வருகிறது, அவ்வளவே. ‘நீர் தன் மட்டத்தைத் தேடும்’ என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் படம் வரைந்து பாடம் சொன்னவன் நான். இரண்டு கண்ணாடிக் குழாய்களைத் தவிர வேறெதையும் மாணவர்களுக்குக் காட்டியதில்லை. அன்று ஏறத்தாழ 9 கோடி லிட்டர் நீர் என் கண்முன் அந்தப் பாடத்தைச் செய்து காட்டியது. அதுவும் ஆரவாரமின்றி. ஆங்காங்கே நீர் சுழித்துக் கொப்புளித்ததேயன்றி வேறு ஓசை இல்லை.

கப்பல் ஏறத் தொடங்கிற்று. முன்பெல்லாம் இந்நேரத்தில் மாலுமிகள் வடங்களைக் கட்டுவதும் தளர்த்துவதுமாக ஓடிக்கொண்டிருப்பார்களாம். இப்போது சுவரில் பொருத்திய உறிஞ்சு தட்டுகள் கப்பலின் விலாவைக் கவ்விப் பிடித்து, அதனோடு கூடவே மேலேறுகின்றன. அதனால்தான் என் மருமகனுக்கு அந்தச் சில நிமிடங்கள் வாய்த்தன.

முதலில் அவன் தலைக்கவசத்தை மட்டுமே கண்டேன். சிறிது நேரத்தில் தோள் தெரிந்தது. பிறகு கன்னம். கத்திப் பேசியவர்கள் படிப்படியாகக் குரலைத் தாழ்த்தினோம். 14 மீட்டர் உயரத்தை ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஏறி, அவன் எனக்கு நேராக வந்து நின்றான். எங்களுக்கிடையே கம்பிவேலியும் சில மீட்டர் வெளியும் மட்டுமே இருந்தன.

அவன் மெலிந்திருந்தான். ஐயத்துக்கு இடமின்றி மெலிந்திருந்தான். வெயிலில் முகம் கறுத்து, கன்னத்தில் எலும்பு தெரிந்தது. ஆனால் நின்ற நிலை வேறாக இருந்தது. ஊரில் எப்போதும் சுவரில் சாய்ந்தே நிற்பவன், இங்கே இரு கால்களையும் அகற்றி ஊன்றி, எதிலும் சாயாமல் நின்றான்.

“அம்மாவிடம் மெலிந்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள், மாமா” என்றான்.

“அதைப் பார்த்துவரத்தானே என்னை அனுப்பியிருக்கிறாள்!”

அவன் சிரித்தான். நான் தகர டப்பாவை உயர்த்திக் காட்டினேன். அதைக் கண்டதும் அவன் முகம் மாறிய விதத்தை எவ்வாறு எழுதுவது? எட்டுத் திங்களுக்கு முன் வீட்டை விட்டுப் புறப்பட்ட பிள்ளையாக ஒரு கணம் ஆகிவிட்டான். வேலியைத் தாண்டி எந்தப் பொருளையும் கொடுப்பதற்கு அங்கே இசைவில்லை. எறிந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். ஆசிரியனாக இருந்தவன் செய்யத்தக்க செயலன்று என்று அடங்கினேன்.

“தண்டர் பே துறைமுகத்தில் கோதுமை ஏற்றப் போகிறோம். அங்குள்ள எங்கள் கப்பல் முகவரின் விலாசத்தை அனுப்புகிறேன், அஞ்சலில் போடுங்கள்” என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேற்கதவுகள் திறந்தன. யாரோ அவனை அழைத்தார்கள். அவன் தலைக்கவசத்தை அழுத்திவிட்டு, கப்பலின் முற்பகுதியை நோக்கி ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை; வேலை நேரத்தில் பார்க்கவும் கூடாது.

கப்பல் வந்ததுபோலவே மெல்லச் சென்றது. அதற்கு அப்பால் நான்கு, ஐந்து, ஆறாம் பூட்டுகள் படிக்கட்டுபோல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. நாங்கள் காரில் சென்று அங்கேயும் சிறிது நேரம் பார்த்தோம். ஆனால் அவன் கண்ணில் படவில்லை.

அன்றிரவு தமக்கையாரிடம் பேசினேன். “மெலிந்திருக்கிறானா?” என்றார். “ஆம், அக்கா. ஆனால் நன்றாக இருக்கிறான்” என்றேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “நான் நினைத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

டப்பாவை என் மகள் பஞ்சு வைத்துப் பொதிந்து தண்டர் பேக்கு அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்து மருமகனிடமிருந்து செய்தி வந்தது. “மாமா, மக்ரூன் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. எல்லாம் பொடியாகிவிட்டது. இருபது பேரும் கரண்டியால் தின்று தீர்த்தோம். டப்பாவை நானே வைத்திருக்கிறேன்.”