ஆறாவது கோழி



போதகர் இல்லத்தின் பின்புறத்தில் கோழி வளர்க்கிறோம் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். கிணற்றடியை ஒட்டிய பழைய விறகுக் கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. அதைக் கோழிக்கூடாக்கலாம் என்று என் மனைவி சொன்னபோது, ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடும் வேலை என்றே எண்ணினேன். (சனிக்கிழமை பிரசங்க ஆயத்தத்திற்குரிய நாள் என்பதை யாரும் நினைவூட்ட வேண்டாம்.) வெளிவேலை உண்மையிலேயே ஒரே நாளில் முடிந்தது. கீரியும் பாம்பும் நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடித்து, கதவுக்குக் கொண்டி வைத்தோம். உள்வேலைதான் என்னைத் தாழ்த்தியது.

தரையில் 3 அங்குல கனத்திற்கு உமி பரப்பினேன். இரவில் கோழிகள் ஏறி அமருவதற்காகச் சவுக்குக் கம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஏணிப்படி போலக் கட்டினேன், பார்வைக்கு அழகாயிருந்தது. பழைய பழப்பெட்டிகள் இரண்டை முட்டையிடுவதற்கென்று சுவரில் 3 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினேன். ஆறு நாட்டுக்கோழிகளை உள்ளே விட்டோம்.

ஒரு வாரத்திற்குள் ஒரு பெட்டி தினமும் எச்சத்தால் நிறைந்தது. முட்டைகள் அழுக்காயின. காரணம் ஆறாவது கோழி. கறுப்பு நிறம், மற்றவற்றைவிடச் சிறிய உடல். மற்ற ஐந்தும் கம்பில் ஏறி உறங்க, அது மட்டும் முட்டைப் பெட்டிக்குள் புகுந்துகொண்டது. மாலைதோறும் அதைத் தூக்கிக் கம்பில் வைத்தேன். நான் கால் கழுவி வருவதற்குள் மறுபடியும் பெட்டிக்குள் இருக்கும். ஒழுங்குக்குக் கட்டுப்படாத கோழி என்று முடிவு செய்து, ஒரு மாலையில் பெட்டிகளின் வாயைப் பலகையால் அடைத்துவிட்டேன். விடியற்காலையில் அது தரையில் மூலையோடு ஒட்டிக் கிடந்தது. கொண்டை கிழிந்து, தலை முழுவதும் இரத்தம் உறைந்திருந்தது.

நம் சபை மூப்பர் ஒருவர், தச்சு வேலையில் கைதேர்ந்தவர், அன்று மாலை வந்தார். அவர் கோழியைப் பார்க்கவில்லை, கம்புகளைப் பார்த்தார். "ஐயா, கோழி மேல தப்பே இல்ல. நீங்கதான் ஏணி கட்டி வச்சிருக்கீங்க" என்றார்.

பிரியமானவர்களே, கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டு. நார்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரூப்-எப்பே என்பவர் 1920களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து எழுதினார். பெரியது உச்சிக் கம்பைப் பிடிக்கும். அடுத்தது அதன் கீழே. கடைசிக் கோழி எந்தப் படிக்கு ஏறினாலும் மேலேயுள்ளது கொத்தும். கோழிக்கூட்டில் அந்த வரிசையை யாராலும் ஒழிக்க முடியாது. ஆனால் நான் அதற்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்திருந்தேன்.

கம்புகளையெல்லாம் கழற்றினோம். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, தரையிலிருந்து 2 அடி உயரத்தில், ஒரே மட்டத்தில் இரண்டு கட்டைகளை வைத்தோம். ஒரு கோழிக்கு 10 அங்குலம் என்று கணக்கிட்டு, அதற்கு மேலும் இடம் விட்டோம். பாதத்தில் புண் உண்டாகாதபடி மூப்பர் கட்டைகளின் கூர்முனைகளை இழைத்து மழுக்கினார். பெட்டிகளை இறக்கி, இருண்ட மூலையில் ஓரடி உயரத்திற்குக் கொண்டுவந்தோம். கோழி உயரமான இடத்தைத் தேடி உறங்கும். பெட்டி கட்டைக்கு மேலே இருந்தால் அது பெட்டியில் உறங்குவது இயல்பே. பின்பு அவர் என்னை முழங்காலிடச் சொன்னார். கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்தேன், கண் எரிந்தது. நிற்கிறவனுக்கு எட்டாத நாற்றம் அங்கே கீழே இருந்தது. நனைந்த உமியை அள்ளிப் போட்டு, காற்றோட்டத்திற்காகக் கூரையடியில் இரு பக்கமும் திறப்பு வைத்தோம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் சபையின் ஒரு தாயார் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். பல வருடங்களாக ஆலயத்தின் வெளித் திண்ணையில் அமர்ந்து ஆராதித்தவர்கள். செருப்புகளின் நடுவே அமர்ந்து ஆராதிப்பது ஆராதனையல்ல என்று ஒரு ஞாயிறன்று நான் பிரசங்க பீடத்திலிருந்து கடிந்துகொண்டேன். அடுத்த வாரம் திண்ணை காலியாயிருந்தது, மகிழ்ந்தேன். உள்ளே வந்துவிட்டார்களா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். முழங்கால் வலியினால் பாயில் அமர முடியாது. பெஞ்சுகளோ, நீங்கள் அறிந்தபடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்திற்கு என்று வழக்கமாகிவிட்டன. ஒருமுறை அமர்ந்தபோது, இது எங்கள் அத்தை உட்காரும் இடம் என்று ஒருவர் சொல்ல, எழுந்துவிட்டார்கள். "உள்ள இடம் இருந்தா நான் ஏன் ஐயா வெளிய உக்காரப் போறேன்?" என்று கேட்டார்கள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. முழங்காலுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள், ஜெபித்தேன்.

மத்தேயு 23:37ஐ நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எருசலேமைப் பார்த்து ஆண்டவர் தம்மைக் குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கும் கோழிக்கு ஒப்பிட்ட இடம். கோழியைக் குறிக்க அங்கே வருகிற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் அங்கும் லூக்கா 13:34இலும் மட்டுமே வருகிறது என்று இறையியல் கல்லூரியில் படித்ததையும் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வர மனதில்லாத குஞ்சுகளைக் குறித்தே பேசினேன். அந்த அதிகாரம் முழுவதும் ஆண்டவர் கடிந்துகொள்வது யாரை? முதன்மையான ஆசனங்களை விரும்புகிறவர்களை. தாங்களும் பிரவேசிக்காமல், பிரவேசிக்கிறவர்களையும் தடுக்கிறவர்களை. சிறகின் கீழ் வர முயன்று, வழியில் கொத்துப்பட்ட குஞ்சைக் குறித்து நான் ஒரு பிரசங்கமும் செய்ததில்லை.

கறுப்புக் கோழி முதல் இரண்டு இரவுகளும் பெட்டிக்கே போயிற்று. மூன்றாம் இரவு விளக்கோடு சென்று எண்ணினேன். கட்டையின் ஓரத்தில், மற்றவற்றிலிருந்து சற்று விலகி, ஆறாவதும் அமர்ந்திருந்தது. கொண்டை முழுவதும் ஆற இன்னும் நாளாகும்.

அந்தத் தாயார் வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. "பார்ப்போம் ஐயா" என்றார்கள்.

சபைக் கமிட்டியில் இதைப் பேசினோம். பேச்சு எளிதாக இருக்கவில்லை. நம் முன்னோர் அன்போடு கொடுத்த பெஞ்சுகளில் அவர்கள் பெயர்கள் அப்படியே இருக்கும். இடங்கள் மட்டும் இனி யாருக்கும் உரியவையல்ல. பாயில் அமர இயலாதவர்கள் நடந்து வர எளிதாக, நான்கு பெஞ்சுகளைப் பக்கவாசல் அருகே கொண்டுவரப் போகிறோம். வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வேலையைத் தொடங்குவோம். எட்டுப் பேராவது வாருங்கள். அவை தேக்கு, நல்ல பாரம்.