இரு பெயர், ஓர் இசை

புக்கிட் ரம்பாயில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்கும் அவ்வட்டாரம், ரப்பர் மரங்களால் சூழப்பட்டிருந்த காலத்தை அவர் அறிவார். தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய இரவுகளும், வீடுதோறும் வானொலி ஒலித்த மாலைகளும் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்நாளில் அவர் ஆர்மோனியம் வாசிக்க, அவருடைய நண்பர் பிடில் வாசிக்க, கோயில் திருவிழாக்களில் இருவரும் சேர்ந்தே கச்சேரி செய்தனர். அழைப்பிதழில் எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்ற சிறு பூசலால் அந்நட்பு முறிந்தது. ஒரே ஊரில் வாழ்ந்தும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள், ஆங்கிலப் பாடல்களில் ஈடுபாடு கொண்ட அவருடைய பேரன், பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தான். "தாத்தா, இத்துணைப் புகழ் பெற்றவர்கள் ஏன் பிரிந்தார்கள்?" என்று வினவினான்.

ஆசிரியர் அமைதியாக விடையளித்தார். லிவர்ப்பூல் நகரில் தோன்றி, 1960களில் உலகையே ஈர்த்த குழு அது. அதனைக் கட்டிக்காத்த மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967இல் மறைந்தார். பணப் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்பது என்பதில் பிணக்கு எழுந்தது. ஒவ்வொருவருக்கும் தனிவழி காணும் வேட்கையும் வளர்ந்தது. 1970இல் குழு கலைந்தது. வழக்கு, நீதிமன்றம் வரை சென்றது.

"நம்மவரிடையேயும் அத்தகைய பிரிவு உண்டு" என்று அவர் தொடர்ந்தார். இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் டி. கே. இராமமூர்த்தி பிடில் வாசித்தார், எம். எஸ். விசுவநாதன் ஆர்மோனியம் வாசித்தார். 1952இல் சுப்பராமன் மறையவே, அவர் முடிக்காது விட்ட பணிகளை இவ்விருவரும் ஏற்று நிறைவு செய்தனர். அவ்வாண்டிலேயே, கலைவாணர் இயக்கிய 'பணம்' படத்தின்வழி இரட்டையராக அறிமுகமாயினர். வயதில் மூத்தவர் இராமமூர்த்தி. எனினும் இளையவர் பெயரே முன் நின்றது. மூத்தவர் பின்னின்று தாங்கட்டும் என்று கலைவாணரே அவ்வரிசையை வகுத்தார் என்பர். அதனை இராமமூர்த்தி ஏற்றுக்கொண்டார். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'கர்ணன்' எனப் படங்கள் வளர்ந்தன. 1963இல் சென்னையில் சிவாஜி கணேசன் இருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டத்தை வழங்கினார்.

இரண்டே ஆண்டுகளில், 1965இல், 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு அவர்கள் பிரிந்தனர். விசுவநாதன் பல்லாண்டுகள் முன்னணியில் விளங்கினார். 'தேன்மழை' போன்ற படங்களுக்குத் தனித்து இசையமைத்த இராமமூர்த்திக்கோ வாய்ப்புகள் சுருங்கின. பிரிவுக்குப் பலரும் பல காரணம் கூறினர். ஆயினும், முன்னைய பாடல்களைக் கேட்போர், இந்த மெட்டு எவருடையது, அந்தப் பிடிலோசை எவர் எண்ணம் என்று பிரித்தறிய முடியாது. பிரிக்க முடியாத அவ்விசையே அவர்கள் நட்பின் சான்றாகும்.

"பிறகு அவர்கள் சேரவே இல்லையா, தாத்தா?"

"சேர்ந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1995இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மீண்டும் இணைந்து இசையமைத்தார்கள். 2012இல் தமிழக அரசின் முதல்வராயிருந்த ஜெயலலிதா இருவரையும் ஒரே மேடையில் சிறப்பித்தார். மறு ஆண்டே இராமமூர்த்தி மறைந்தார். 2015இல் விசுவநாதனும் மறைந்தார். பீட்டில்ஸ் நால்வருக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1980இல் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். நால்வரும் மீண்டும் கூடும் வழி அன்றோடு அடைபட்டது."

இதைச் சொல்லி முடித்ததும் ஆசிரியரின் குரல் தாழ்ந்தது. நட்புக்கென அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனோடு அமையாமல், பழகிய நண்பரின் பிழை பொறுத்தலுக்குப் 'பழைமை' எனத் தனி அதிகாரமும் வகுத்தார். அதனை எத்தனையோ மாணவர்க்கு அவர் கற்பித்தவர். தாமோ, ஓர் அழைப்பிதழைப் பொறுக்கவில்லை.

மறுநாள் மாலை அவர் நண்பரின் வீட்டுக்குச் சென்றார். கதவைத் திறந்த நண்பர் சற்று நேரம் பேசாது நின்றார். பின்னர், "வா, உட்கார்" என்றார். அழைப்பிதழைப் பற்றி இருவரும் பேசவில்லை. சுவரில் தொங்கிய பிடிலில் இரண்டு தந்திகள் அறுந்திருந்தன. புதுத் தந்தி எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றியே வெகுநேரம் பேசினர்.

பெயரின் வரிசை தாளில் இருப்பது; இசை இருவர் நெஞ்சிலும் இருப்பது. இருவரும் உயிரோடிருக்கும் வரையில்தான் நட்பின் கதவைத் தட்ட இயலும்.