அவுட் இல்லாத ஆட்டம்

மாட்டுத்தாவணி,
மதுரை.

அன்புத் தம்பிக்கு,

பாப்பாவை ஸ்கேட்டிங்கில் சேர்க்கட்டுமா, கராத்தேயில் சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். நாலு வயசுக்கு இரண்டும் இப்போது வேண்டாம். வகுப்பில் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளைக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மலைத்துவிடாதே. காலையில் கொஞ்சம், குளிக்கும் முன் கொஞ்சம் என்று நாள் முழுக்கச் சேர்ந்தால் சரி. டிவியும் போனும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. (உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எங்கள் அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. ஆனால் எந்த ஆட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மியூசிக்கல் சேரில் முதலில் அவுட்டாவது மெதுவாக ஓடும் பிள்ளை. எது அதிகம் ஓட வேண்டுமோ அதுவே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். நம் கல்லா மண்ணாவில் அப்படி இல்லை. பிடிபட்ட பிள்ளைதான் அடுத்துத் துரத்த வேண்டும். துரத்தித் துரத்தி யாரும் சிக்காமல் ஒரு பிள்ளை அழப் பார்த்தால், நானே போய் மாட்டிக்கொள்வேன். குலைகுலையா முந்திரிக்கா எனக்குப் பிடித்த ஆட்டம்தான். ஆனால் ஓடுவது இரண்டே பேர், மற்றதெல்லாம் உட்கார்ந்திருக்கும். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்.

1999-ல் பஸ் ஸ்டாண்ட் வருவதற்கு முன் நாம் ஆடியது போல இங்கேயே பிள்ளைகளைத் தெருவில் விட முடியவில்லை. உன் அடுக்குமாடியைச் சொல்லவே வேண்டாம். வெயிலும் ஒன்பது மணிக்கே ஏறிவிடுகிறது. அதனால் கல்லா மண்ணாவைக் கூடத்திலேயே ஆடு. சாக்பீஸால் நாலைந்து வட்டம் போடு. வட்டம் கல், மிச்சத் தரை மண். அவள் சாக்ஸைக் கழற்றிவிடு, வழுக்கும். சோபாவில் இருந்துகொண்டு "ஓடு, ஓடு" என்றால் ஓட மாட்டாள். நீ துரத்த வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது விடிகாலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் கூட்டிப் போகிறேன். என் மருமகளுக்கு ஓடத் தோதாகக் கால் பிடிக்கிற செருப்பாக வாங்கி வா. அந்தக் குதிகால் வைத்த மினுமினுப்பு வேண்டாம்.

அன்புடன்,
அக்கா