துளையறிந்து செருகுவோம்

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் கணினியின் முன்னால்தான் கழிகிறது. விசைகளைத் தட்டுகிறோம், திரையைப் பார்க்கிறோம், சீட்டு அச்சாகி வெளியே வருகிறது. ஆயினும் அந்தப் பெட்டியின் பின்புறத்தை ஒரு நாளேனும் எட்டிப் பார்த்தோமா என்றால், இல்லை. கம்பிகளைப் பூட்டுவது வேறு ஒருவர் பொறுப்பு. இவ்வாறு பத்து ஆண்டுகளுக்கு மேல் கணினியோடு பழகியும் அதன் வெளியுறுப்புகளை அறியாதிருந்தமையால் நம் அக்காள் வீட்டில் ஒரு தவறு செய்துவிட்டோம். அந்தத் தவறு சிறிது. அதை மறைக்கச் சொன்ன சொல் பெரிது. இரண்டையும் இந்த ஏட்டில் எழுதிவிடுவது என்று துணிந்தோம். தோட்டத்து லயங்களிலும் மடிக்கணினி நுழைந்துவிட்ட இந்நாளில், நாம் பட்ட பாடு பிறருக்குப் பாடமாகுமன்றோ?

நாம் பிறந்தது வண்டிப்பெரியாரில். இருப்புப்பாதையே இல்லாத இடுக்கி மாவட்டத்தில் பிறந்தவன் இரயில்வே உத்தியோகம் பார்க்கிறான் என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. பத்தாம் வகுப்போடு நம் படிப்பு நின்றது. வேலை பாலக்காட்டில். விடுப்புக் கிடைத்தால் கோட்டயம் வரை இரயிலில் வந்து, முண்டக்கயம், குட்டிக்கானம், பீர்மேடு வழியாகப் பேருந்தில் மலையேறி வீடு சேர்வோம். அம்மா ஓய்வு பெற்ற பிறகு, அவர் கொழுந்து பறித்த அதே தோட்டத்தில் அக்காள் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்கு ஒரே மகள். நம் பரம்பரையில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவளே.

2020ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் கேரளத்தில் விக்டர்ஸ் அலைவரிசையில் வீட்டிலிருந்தே படிக்கும் வகுப்புகள் தொடங்கின. அப்போது அந்தப் பெண் ஒரு சிறிய கைப்பேசியைச் சன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டாள். மலைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தில் கம்பத்து உறவினர் பிள்ளைகள் விலையின்றி மடிக்கணினி பெற்றிருந்தனர். எல்லைக்கு இப்புறம் வாழும் நம் பிள்ளைகளுக்கு அது எட்டவில்லை. ஆகவே அக்காள் சீட்டுக் கட்டினாள். சீட்டு விழுந்ததும், பக்கத்து லயத்துத் தம்பி ஒருவர் தாமே கம்பத்துக்குச் சென்று, பழைய மடிக்கணினி ஒன்றைப் பார்த்து வாங்கி வந்து கொடுத்தார். ஒரு காசும் தமக்கென்று எடுத்துக்கொள்ளாத நல்ல பிள்ளை அவர்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம். பட்டப்படிப்பில் சேர்வதற்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய மாலை நாம் ஊருக்குச் சென்றோம். மின்னேற்றியின் கம்பியை எலி கடித்துவிட்டது என்று முன்னரே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். நாமும் பாலக்காட்டில் உடன் வேலை பார்ப்பவரிடம் சும்மா கிடந்த ஒரு மின்னேற்றியை வாங்கிக்கொண்டு வந்தோம். மின்னேற்றி எல்லாம் ஒன்றே என்பது நம் எண்ணம். வெளியே நல்ல மழை. மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. விளக்கு எரிந்த கணத்தில் மின்னேற்றியின் முனையை அதற்குரிய துளையில் வைத்து அழுத்தினோம். அது பாதியில் நின்றது.

“மாமா, அது வேற அளவு போல இருக்கு. எழுத்தைப் பார்த்துட்டுச் செருகுங்க” என்றாள் அக்காள் மகள்.

“தினமும் கம்ப்யூட்டர்ல வேலை பாக்கிற எனக்கு நீ சொல்லித் தர்றியா?” என்று சொல்லிக்கொண்டே கட்டை விரலால் ஓங்கி அழுத்தினோம். ‘நறுக்’ என்றொரு சத்தம். அதன் பிறகு எந்த விளக்கும் எரியவில்லை. மிச்சமிருந்த மின்சாரமும் சிறிது நேரத்தில் தீர்ந்து திரை இருண்டது.

அக்காள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நம் நாக்கு பிறழ்ந்தது. “இந்த மிசினே சரியில்லக்கா. பழுதான சாமானை உன் தலையில கட்டிட்டாங்க” என்றோம். அக்காள் மகள் நம்மை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அக்காள் வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் மூவரும் சென்று அட்சயா மையத்தின் வாயிலில் வரிசையில் நின்று, பிற்பகலில் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டோம். அந்த மட்டில் கடவுள் காப்பாற்றினார். அங்கிருந்து குமுளிக்குச் சென்று பழுது பார்ப்பவரிடம் பெட்டியைக் காட்டினோம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். துளையின் நடுவே இருந்த ஊசி வளைந்து, துளையே பற்றவைத்த இடத்திலிருந்து பெயர்ந்திருந்தது. “மின்சாரம் கெடுக்கல சார், கை கெடுத்திருக்கு” என்றார் அவர் மெதுவாக. அக்காள் அப்போது வெளியே நின்றிருந்தாள். கூலி ஆயிரத்து இருநூறு ரூபாய். அக்காளுக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் உழைப்பு. நாம் கொடுக்க முன்வந்தும் அவள் கேட்கவில்லை. “ஏமாந்தது நான்தானே” என்று தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

அந்தப் பழுது பார்ப்பவரும், பின்னர் அக்காள் மகளும் நமக்குச் சொல்லித் தந்ததை இனி வரிசையாகச் சொல்கிறோம். அவள் இவற்றைப் பள்ளியிலேயே கற்றிருந்தாள். கேரளத்தில் பத்தாம் வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். செய்முறைத் தேர்வும் உண்டு. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே பாடநூலும் உண்டு. வீட்டில் ஆசான் இருக்க, நாம் கேளாதிருந்தோம்.

மடிக்கணினியை மேசைமேல் வைத்து இருபக்க ஓரங்களையும் பாருங்கள். வட்டமாக, நடுவே ஊசியோடு இருப்பது மின்னேற்றும் துளை. அதன் அருகே ஒரு சிறு விளக்கோ, நேர்க்கோட்டின் கீழ் மூன்று சிறு கோடுகள் இட்ட குறியோ இருக்கக் காணலாம்.

நீள்சதுரமாக, உள்ளே ஒரு தட்டை நாக்கோடு இருப்பது யு.எஸ்.பி. துளை. சுட்டெலி, பென்டிரைவ், அச்சுப்பொறி யாவும் இதில் சேரும். இதன் முதல் விதிமுறை 1996இல் வெளியாயிற்று. இதனை உருவாக்கிய இன்டெல் குழுவில் முதன்மையானவர் பரோடாவில் பயின்ற அஜய் பட் என்னும் இந்தியர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. நாக்கு நீல நிறமாயிருந்தால் அது பெரும்பாலும் 2008இல் வந்த விரைவான வகை. தலைகீழாக வைத்தால் நுழையாது. திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றி அழுத்தலாகாது.

ஏறக்குறைய அதே அகலத்தில், ஆனால் சற்று உயரமாக, உள்ளே எட்டுப் பொற்கம்பிகள் மின்ன இருப்பது வலைக்கம்பித் துளை. இதில் சேரும் முனைக்கு ஒரு சிறு கொக்கி உண்டு. யு.எஸ்.பி. முனை இதனுள்ளும் நுழைந்துவிடும். வேலை செய்யாது, உள்ளிருக்கும் கம்பிகளை மட்டும் கெடுக்கும். ஆகவே ‘நுழைந்துவிட்டதே, சரியாகத்தான் இருக்கும்’ என்று எண்ணுவதும் பிழையே.

கீழ்மூலைகள் இரண்டும் உட்சரிந்து தட்டையாயிருப்பது எச்.டி.எம்.ஐ.; 2002இல் வந்தது. படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் தொலைக்காட்சிக்குக் கொண்டு செல்லும். பழைய பெட்டிகளில் மூன்று வரிசையாகப் பதினைந்து துளைகளும், இருபுறமும் திருகு மரைகளும் கொண்ட வி.ஜி.ஏ. இருக்கும். அது ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. படம் மட்டுமே கடத்தும், ஒலி கடத்தாது.

மூன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு வட்டத் துளை காதொலிக் கருவிக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புத் தருவோர் செருகிய முனையின் வழித்தோன்றல் இது. ஓர் ஓரத்தில் கம்பியேதும் இல்லாத வெறும் சிறு பிளவு ஒன்று இருந்தால், அது களவு போகாமல் பூட்டுச் சங்கிலி மாட்டும் இடம். அதில் எதையும் குத்தவேண்டா. மெல்லிய நீண்ட பிளவு நினைவட்டைக்கு உரியது. வரிசையான கீற்றுகள் வெப்பக் காற்று வெளியேறும் வழி. திரையின் மேல்விளிம்பில் உள்ள கருமணி ஒளிப்படக் கண்; அதன் அருகே ஊசிமுனை அளவுள்ள துளை பேச்சை வாங்கும் காது.

இனி மின்னேற்றி. பெட்டியின் அடிப்புறத்திலும் மின்னேற்றியின் மேலும் எழுத்துகள் பொறித்திருக்கும். அவற்றில் நான்கைப் பார்க்க வேண்டும். முதலாவது, வோல்ட்: இரண்டிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆம்பியர்: மின்னேற்றியில் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையலாகாது. மூன்றாவது, நடுஊசி நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் வட்டக்குறி: இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். நான்காவது, முனையின் பருமன். வெளிச்சுற்று ஒரே அளவாக இருந்தும் உட்துளை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக ஒன்றிலும், இரண்டரை மில்லிமீட்டராக மற்றொன்றிலும் இருப்பதுண்டு. நாம் கொண்டுவந்த மின்னேற்றி இந்த நான்காவதில்தான் தவறியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது. ஊசிக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

இதை இரயில்வேக்காரனாகிய நாம் உணராததுதான் வெட்கம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை ஓடியது மீட்டர் பாதை. தண்டவாளங்களின் இடைவெளி 1000 மில்லிமீட்டர். அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே 2010ஆம் ஆண்டின் இறுதியில் வண்டியை நிறுத்திப் பாதையை மாற்றினார்கள். 2022இல் தேனிக்கும், நாம் ஊசியை வளைத்த அதே 2023 ஜூனில் போடிக்கும் அகலப்பாதை இரயில் வந்து சேர்ந்தது. பாதை அளவு ஒன்றானால்தான் வண்டி எங்கும் செல்லும் என்பதை அன்றாடம் அலுவலகத்தில் பேசும் நாம், ஒரு முனைக்கும் துளைக்கும் அதே நியாயம் என்பதை மறந்தோம்.

கணினி உலகிலும் இப்போது அகலப்பாதை மாற்றம் நடைபெறுகிறது. 2014இல் யு.எஸ்.பி. சி என்னும் துளை வந்தது. இருமுனையும் வட்டமாக வளைந்த சிறு துளை. உள்ளே இருபத்துநான்கு தொடுமுனைகள். எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும். மின்சாரம், படம், தகவல் மூன்றும் இதன் வழியே செல்லக் கூடும். மின்னேற்றியும் கணினியும் தமக்குள் பேசிக்கொண்டு, வேண்டிய வோல்ட் எது என்று முடிவு செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் இத்துளையையே பொதுவாக விதித்தது. ஆயினும் சி வடிவத் துளை உள்ள ஒவ்வொரு பெட்டியும் அதன் வழியே மின்னேற்றிக்கொள்ளும் என்று எண்ணலாகாது. வாங்கும்போது கேட்டறிதல் நலம்.

தோட்டத்து வீடுகளுக்கு இன்னும் சில சொற்கள். இடி முழங்கும்போது மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மெத்தைமீதும் கம்பளிமீதும் பெட்டியை வைத்தால் காற்றுக் கீற்று அடைபடும். கம்பியைச் சுருட்டி எலிக்கு எட்டாத தகர டப்பாவில் வையுங்கள். முனையைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போகாத இடத்தில் பலத்தைக் காட்டாதீர்கள்.

அடுத்த விடுப்பில் ஊருக்குச் சென்றபோது அக்காள் மகள் ஒவ்வொரு துளையின் அருகிலும் தமிழில் பெயரெழுதிய சிறு காகிதத் துண்டை ஒட்டி வைத்திருந்தாள். அக்காளுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆனாலும் அவள் விரல் நுனியால் ஓரத்தைத் தடவியே இது இன்னது என்று சொன்னாள். கொழுந்தையும் முற்றிய இலையையும் பாராமலே பிரித்தறியும் விரல்கள் அவை. நாம் வியந்து பாராட்டினோம். அவள் அதற்கு மகிழாமல், “என்ன இருந்தாலும் அந்தத் தம்பி என்னை ஏமாத்தியிருக்க வேண்டாம்டா. அதுக்கப்புறம் அவன் வீட்டுக்கு நான் போறதே இல்ல” என்றாள். நமக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

அந்தப் பெண் இப்போது பட்டப்படிப்பின் இறுதியில் இருக்கிறாள். அதே மடிக்கணினிதான், நன்றாகவே வேலை செய்கிறது. பழுதான பொருளாயிருந்தால் இத்தனை காலம் உழைத்திருக்குமா? பக்கத்து லயத்துத் தம்பி நல்ல பொருளைத்தான் வாங்கித் தந்தார். அதைக் கெடுத்தது நம் கை. அவர் பெயரைக் கெடுத்தது நம் வாய். அக்காளின் ஆயிரத்து இருநூறு ரூபாயை இம்மாதச் சம்பளத்தில் அனுப்பிவிட்டோம். எதற்கு என்று அவள் கேட்டாள். கடிதம் வரும் என்றோம்.

மாதந்தோறும் இந்த ஏடு வீட்டுக்கு வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அக்காள் மகள் தாய்க்கு இதை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டுவது வழக்கம். இந்தப் பக்கத்தையும் அவள் வாசிப்பாள். அன்று நம்மைக் காட்டிக்கொடுக்காத அந்தக் குழந்தையின் குரலிலேயே அக்காள் உண்மையைக் கேட்கட்டும். கேட்ட பிறகு, மழையானாலும் பக்கத்து லயத்துக்கு ஒரு நடை சென்று வர வேண்டுகிறோம். அடுத்த விடுப்பில் நாமும் வந்து அந்தத் தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேட்போம்.